நாலு பாட்டில், ஒரு அரக்கு முத்திரை

2024 பிப்ரவரியில் ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய்க்குக் கெட்ட காலம் பிறந்தது. புதுச்சேரியில் நீளக் குச்சியில் பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டபடி விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் எடுத்த மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரிந்து, முதலில் அங்கே தடை வந்தது. சில நாளில் சென்னை மெரினாவிலும் பைகள் பறிமுதலாயின. கிண்டியில் இருக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் அதே முடிவைச் சொல்ல, பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு முழுக்கத் தடை. அடுத்த மாதம் கர்நாடகமும் தடை போட்டது. போகிற போக்கில் கோபி மஞ்சூரியனில் போடும் செயற்கை நிறத்தையும் அந்த உத்தரவில் சேர்த்துக்கொண்டது.

ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். கண்ணைப் பறிக்கும் ரோஸ், விலை மலிவு, ஒரு சிட்டிகை போதும். இத்தனைக்கும் மிட்டாய்க்கு நிறமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இந்தியாவில் உணவில் சேர்க்க 8 செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. எந்தெந்தப் பண்டத்தில், எவ்வளவு என்றும் கணக்கு உண்டு. பெரும்பாலானவற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு, அதாவது 100 பி.பி.எம். மிட்டாய் வியாபாரி அந்த எட்டில் ஒன்றை அளவோடு போட்டிருந்தால் அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும்தான் செயற்கை நிறம் போட அனுமதியே கிடையாது. நம் ஊர் தள்ளுவண்டிகளைப் பார்த்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

சரி, ஒரு ரோஸ் நிற மிட்டாயில் இருப்பது எந்த ரோஸ் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உணவுக் கூடங்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. பண்டத்தைத் தண்ணீரில் கரைத்து, சாயத்தின் தன்மையைப் பார்த்து அமிலமோ அமோனியாவோ சேர்த்து, அதில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுச் சூடாக்குவார்கள். செயற்கைச் சாயம் கம்பளியை இறுகப் பிடித்துக்கொள்ளும். இயற்கை நிறம் பெரும்பாலும் அலசினால் போய்விடும். நூலில் ஒட்டிய சாயத்தைத் திரும்பப் பிரித்தெடுத்து ஒரு தாளின் ஓரத்தில் புள்ளியாக வைப்பார்கள். பக்கத்திலேயே பெயர் தெரிந்த சாயங்களின் புள்ளிகளும் இருக்கும். தாளின் அடிப்பக்கத்தைக் கரைப்பானில் நிறுத்தினால், புள்ளிகள் மேலே ஏறத் தொடங்கும். ஒவ்வொரு சாயமும் தன் உயரம் வரைதான் ஏறும். எதோடு எது ஒத்துப்போகிறது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். பெரிய கருவிகள் வந்த பிறகும் முதல் கட்டச் சோதனையாக இந்த நூல் வேலை நீடிக்கிறது.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது வேறு. கையுறை மாட்டிய அதிகாரி ஃபிரிட்ஜைத் திறப்பார். பழைய கறி வெளியே வரும். குழி தோண்டிக் கொட்டி, ப்ளீச்சிங் பவுடர் தூவுவார்கள். இந்த ரெய்டு காட்சிக்கு ஒரு பயன் உண்டு: அந்தத் தெருவில் மற்ற கடைக்காரர்கள் அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜைக் கழுவிவிடுவார்கள். ஆனால் சட்டத்தின் முன் நிற்பது இன்னொரு வேலை. அது நிதானமானது, சலிப்பானது, கேமராவுக்குத் தீனி போடாதது. ஒரு பொருள் தப்பானது என்று நிரூபிக்கப்படுவதும் நிரூபிக்கப்படாமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது.

உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954-இல் வந்தது. அதன் கீழ் மிளகாய்த்தூளில் செங்கல் தூள் கலந்தவரும், கொஞ்சம் கொழுப்பு குறைந்த பாலை விற்றவரும் ஒரே மாதிரி குற்றவியல் நீதிமன்றப் படி ஏறினார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. அதற்குப் பதிலாக 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. 'உணவு ஆய்வாளர்' போய் 'உணவுப் பாதுகாப்பு அலுவலர்' வந்தார். மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர். குற்றங்களும் தரம் பிரிக்கப்பட்டன. உடலுக்குக் கேடு செய்வது 'பாதுகாப்பற்ற உணவு'; இதற்குச் சிறை வரை தண்டனை, வழக்கு நீதிமன்றத்தில். அரசு வகுத்த அளவுகளுக்கு எட்டாமல் போனால் 'தரம் குறைந்தது'. 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிளில் பொய், விடுபாடு, ஏமாற்று இருந்தால் 'தப்புக்குறியீடு'. 3 லட்சம் வரை. ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை. பின்னே சொன்ன மூன்றுக்கும் நீதிமன்றம் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ., விசாரித்து அபராதம் விதிக்கிறார்.

ஒரு மளிகைக் கடையில் மல்லித்தூளைச் சாம்பிள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் நோட்டீஸ் தருகிறார்: இந்தப் பொருளைப் பகுப்பாய்வுக்காக எடுக்கிறேன். பிறகு, பலர் நம்பாத விஷயம், பொருளுக்குக் காசு கொடுக்கிறார். வழக்கமாக விற்கும் விலையைக் கொடுத்தே சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது சட்டம். எடுத்த தூளை அங்கேயே, கடைக்காரர் கண்ணெதிரே, நாலு சம பங்காகப் பிரிக்கிறார். ஈரமில்லாத, சுத்தமான நாலு பாட்டில். ஒவ்வொன்றுக்கும் லேபிள். மேலே தடித்த காகித உறை. நியமன அலுவலரின் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் உள்ள ஒரு காகிதச் சீட்டை, அடியிலிருந்து உச்சி வரை சுற்றி ஒட்டுகிறார். அதற்கு மேல் நூல் கட்டி, நாலு இடத்தில் அரக்கு முத்திரை. கடைக்காரர் போடும் கையெழுத்தின் ஒரு பாதி சீட்டிலும் மறு பாதி உறையிலும் விழ வேண்டும். யாராவது நடுவில் பிரித்து வேறு தூளை வைத்து ஒட்டினால் கையெழுத்தின் இரண்டு பாதியும் இணையாது. எந்த மின்னணுப் பூட்டும் இல்லாத காலத்துப் புத்தி. இன்னும் வேலை செய்கிறது.

நாலு ஏன்? ஒரு பாட்டில் மறு வேலை நாளே பகுப்பாய்வாளருக்குப் போகிறது. இரண்டு நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நாலாவது கடைக்காரருக்காக: அவர் விரும்பினால், தன் செலவில், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். இரண்டு முடிவும் முரண்பட்டால், வைத்திருக்கும் பாட்டிலில் ஒன்று மேல் ஆய்வகத்துக்குப் போகும். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. அப்படியான மேல் ஆய்வகங்களில் ஒன்று. அங்கே வருவதே இறுதி. பாலாக இருந்தால் இன்னொரு சடங்கும் உண்டு. வழியில் திரியாமல் இருக்க, 25 மில்லிக்கு இரண்டு சொட்டுக் கணக்கில் ஃபார்மலின் விடுவார்கள். மீனில் இருந்தால் பறிமுதல் செய்கிற அதே ஃபார்மலின், இங்கே சாட்சியைக் காக்கிறது.

இதற்கு நடுவில் கடையில் வழக்கமாக ஒரு வாக்குவாதம் நடக்கும்.

"சார், நான் பாக்கெட்டையே பிரிக்கலை. கம்பெனிக்காரன் போட்டதை அப்படியே விக்கிறேன். என்னைய ஏன் சார் பிடிக்கிறீங்க?"

"பில் வெச்சிருக்கீங்களா அண்ணாச்சி? அதைக் காட்டுங்க, போதும்."

அந்த பில்தான் அண்ணாச்சியின் கவசம். யாரிடம் வாங்கினேன் என்று காட்ட முடியாத கடைக்காரர் பொறுப்பைத் தானே சுமக்க வேண்டும் என்கிறது சட்டம். காலாவதியான பொருளை விற்றாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பில் இருந்தால் விசாரணை மொத்த வியாபாரி, தயாரிப்பாளர் என்று மேலே ஏறும். சரக்கு ஆட்டோவில் வந்து இறக்கிவிட்டுப் போகிறவரிடம் துண்டுச் சீட்டு மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம்தான் பல சின்னக் கடைகளை மாட்டிவிடுகிறது.

எடுக்கிற எல்லாச் சாம்பிளும் வழக்குக்குப் போவதில்லை. 'சர்வே சாம்பிள்' என்று ஒரு வகை இருக்கிறது. சந்தையில் நிலவரம் எப்படி என்று தெரிந்துகொள்ள எடுப்பது. அதில் குறை வந்தால் நேரே அபராதம் போட முடியாது. திரும்பப் போய், நோட்டீஸ் கொடுத்து, நாலு பாட்டில் எடுத்தால்தான் அது 'லீகல் சாம்பிள்'. பத்திரிகைச் செய்தியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு எண்ணிக்கை சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

தமிழ்நாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் இருக்கின்றன. வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பிடிக்காதவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தக் கூடங்களில் நடக்கும் சோதனைகளில் ஒன்றுக்குப் பின்னால் சுவையான கதை இருக்கிறது. நெய்யில் வனஸ்பதி கலப்பது ஒரு காலத்தில் நாட்டின் பெரிய தலைவலி. டால்டா டின் வீட்டுக்கு வீடு நுழைந்த காலம். இரண்டும் வெள்ளையாக உறையும், மணல் மணலாக இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. அரசு ஒரு தந்திரம் செய்தது. வனஸ்பதி தயாரிக்கிறவர்கள் அதில் கட்டாயம் கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சுவைக்காகவோ சத்துக்காகவோ இல்லை, துப்புக்காக. உருக்கிய நெய்யில் அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சில துளி ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் பட்சத்தில் கீழே தங்கும் அமிலம் சிவந்துவிடும். போதுவான் சோதனை என்று இதற்குப் பெயர். கலக்கிறவன் வனஸ்பதியைக் கொட்டும்போதே தனக்கு எதிரான சாட்சியையும் சேர்த்துக் கொட்டினான். காலப்போக்கில் கலப்படக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். வனஸ்பதியை விட்டுவிட்டு நல்லெண்ணெய் வாடையே இல்லாத வேறு கொழுப்புகளுக்கு மாறினார்கள். அதனால் இன்று நெய்யின் கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் கருவிகள் தேவைப்படுகின்றன. கருவி வாங்குவது ஒரு செலவு; அதை ஓட்டத் தெரிந்தவரை வேலைக்கு வைப்பதும், அந்த ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் வாங்கி வைத்திருப்பதும் தொடர்ந்த செலவு.

அங்கீகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேகி நூடுல்ஸ் விவகாரத்தைவிடப் பெரிய பாடம் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்குப் பக்கத்தில் பாராபங்கி என்று ஒரு மாவட்டம். அங்கே 2014-இல் ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் கண்ணில் பட்டது நூடுல்ஸ் பாக்கெட்டில் இருந்த ஒரு வரி: 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை'. எம்.எஸ்.ஜி. ஒரு சுவையூட்டி. லேபிள் சொல்வது உண்மையா என்று பார்க்க கோரக்பூருக்குச் சாம்பிள் போனது. எம்.எஸ்.ஜி. இருக்கிறது என்று அறிக்கை வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்ய, கொல்கத்தா மத்திய ஆய்வகத்துக்குப் போனது. பல மாதங்கள் கழித்து வந்த அறிக்கையில் யாரும் தேடாத ஒன்று இருந்தது: ஈயம், 17.2 பி.பி.எம். அனுமதித்த அளவு 2.5.

அப்புறம் நடந்தது நாடறிந்தது. 2015 ஜூன் 4 அன்று தமிழ்நாடு அரசு மேகியையும் வேறு சில நூடுல்ஸையும் 3 மாதத்துக்குத் தடை செய்தது. மறுநாள் நாடு முழுக்கத் தடை. ஆயிரக்கணக்கான டன் நூடுல்ஸ் கடைகளிலிருந்து திரும்பி, எரிக்கப்பட்டது. ஆனால் ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நீதிமன்றம் காட்டிய காரணங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை: சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, சாம்பிள் எடுப்பதற்குச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்லும் முறை பின்பற்றப்படவில்லை. நாலு பங்கு, முத்திரை, கையெழுத்து என்று மேலே பார்த்தோமே, அதே பிரிவுதான். மொஹாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் ஆய்வகங்களில் மறு சோதனை நடந்தது. ஈயம் அளவுக்குள்ளேயே இருந்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. அந்த 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' வரி மட்டும் பாக்கெட்டுக்குத் திரும்பவில்லை. ஈயம் பற்றி நாடு போட்ட சத்தத்தில், பாராபங்கி அலுவலர் உண்மையில் கேட்ட கேள்வி லேபிளைப் பற்றியது என்பதே மறந்துபோயிற்று.

லேபிள் குற்றம் என்றால் ஏதோ எழுத்துப் பிழை என்று நினைக்கிறவர்கள் அதிகம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று மருந்துக் கடைக்கு ஓடும் தாயை நினைத்துப் பாருங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளை ஒட்டிக்கொண்டு, சர்க்கரை தூக்கலான பழச்சாறு பானங்கள் அதே அலமாரியில் இருந்தன. சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். ஹைதராபாத்தில் ஒரு குழந்தைநல மருத்துவர் பல ஆண்டுகள் இதற்காகத் தனியாளாகக் கத்தினார். 2025 அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக் கணக்குக்குப் பொருந்தாத எந்தப் பானமும் பெயரில் அந்த எழுத்துகளை வைக்கக்கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்தப் பானங்களில் விஷம் எதுவும் இல்லை. பெயர் மட்டுமே பொய். ஆனால் அந்தப் பொய் நோயாளிக் குழந்தையின் வயிற்றுக்குள் போனது.

2024-இலும் இப்படி இரண்டு உத்தரவுகள் வந்தன. மால்ட் பானங்களை ஆன்லைன் கடைகளில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் போடக்கூடாது, ஏனென்றால் அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லை என்றது ஒன்று. அடர்சாறில் தண்ணீர் ஊற்றித் தயாரிப்பதை '100% பழச்சாறு' என்று எழுதக்கூடாது என்றது மற்றது.

நம் மளிகைக் கடைக்கு வருவோம். விளக்குக்கு என்று விற்கும் தீப எண்ணெய் சமையல் எண்ணெய் அலமாரியிலேயே, கிட்டத்தட்ட அதே மாதிரி பாட்டிலில் இருக்கிறது. 'சமையலுக்கு உகந்ததல்ல' என்ற வரியைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும். விலை குறைவு என்று எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயைத் தகரத்திலிருந்து அளந்து லூசாக விற்பதற்குத் தடை இருப்பதற்கும் இதுவே காரணம்: பாக்கெட் இல்லையென்றால் லேபிள் இல்லை, லேபிள் இல்லையென்றால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

பாக்கெட்டைத் திருப்பினால் எதைப் பார்ப்பது? முதலில் பொருட்களின் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. 'பாதாம் மிக்ஸ்' என்ற பெயருக்குக் கீழே பட்டியலில் முதலில் சர்க்கரை வந்தால் நாம் வாங்குவது பாதாம் மணக்கும் சர்க்கரை. அடுத்து தேதி, காலாவதித் தேதி கட்டாயம். பச்சை வட்டம் சைவம் என்பது எல்லோருக்கும் தெரியும். அசைவக் குறி வட்டத்திலிருந்து பழுப்பு நிற முக்கோணமாக மாறிவிட்டது பலருக்குத் தெரியாது. நிறக்குருடு உள்ளவர்களும் வடிவத்தை வைத்தே பிரித்தறியலாம். நிலக்கடலை, பால், முட்டை, சோயா, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருட்கள் இருந்தால் தனியே எழுத வேண்டும்.

பிறகு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 14 இலக்க உரிம எண். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சின்ன வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமத்துக்கு 00. அடுத்த இரண்டு, உரிமம் கொடுத்த ஆண்டு. ஆக 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம், 224 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு. எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டினால் கம்பெனியின் பெயரும் முகவரியும் வரும். பாக்கெட்டில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். ஆனால் இந்த எண் தரச் சான்று இல்லை. வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுகிறவர் நன்றாக ஓட்டுவார் என்று ஆகிவிடாது. இடித்துவிட்டுப் போனால் பிடிக்க முடியும், அவ்வளவே.

இனி, சோதனை முடிவு வருவதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்ட கதைகள். 2018 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த சுமார் 2 டன் இறைச்சி பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, ஆகவே நாய்க்கறி என்று அன்றே முடிவு கட்டினார்கள். வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. சென்னையில் பிரியாணிக் கடைகள் ஈ ஓட்டின. சில நாளில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் சோதனை முடிவு வந்தது: ஆட்டுக்கறி. அந்தச் சில நாளில் நட்டப்பட்டவர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

2025 கோடையில் தர்ப்பூசணியின் முறை. பழத்துக்குள் ஊசி மூலம் நிறம் ஏற்றுகிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்று சென்னை அதிகாரி ஒருவர் விளக்கிய காணொளி பரவியது. சரியாக அறுவடை நேரம். வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது; விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அப்படிக் கலப்படம் எதுவும் பிடிபடவில்லை என்று விளக்கம் வந்தது, அதிகாரி மாற்றப்பட்டார். பழம் வயலிலேயே அழுகியது. எச்சரிக்கை சொல்வது அதிகாரியின் வேலைதான். ஆனால் ஆய்வகத் தாள் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் ஒரு பருவப் பயிரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தச் செல்போன் கேமராவுக்கும் இருக்கக்கூடாது.

இதற்கு நேர் எதிராக, சத்தமே போடாமல் வந்துபோன ஓர் அறிக்கை உண்டு. 2018-இல் ஆணையம் 1,103 ஊர்களில் 6,432 பால் சாம்பிள்களை எடுத்துச் சோதித்தது. யூரியா, சோப்புத்தூள் என்று நாம் பயப்படுகிற கலப்படம் எத்தனையில் இருந்தது தெரியுமா? 12 சாம்பிளில். மாறாக, அஃப்ளாடாக்ஸின் எம்1 என்ற நச்சு 368 சாம்பிள்களில் அளவுக்கு மேல் இருந்தது. பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551-இல் 88.

இந்த நச்சை யாரும் கலப்பதில்லை. ஈரத்தில் கிடந்து பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் மாடு தின்கிறது. பூசணத்தின் நச்சு மாட்டின் ஈரலில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இதைப் பிடிக்க பால்காரரின் கேனை மறித்துப் பயனில்லை. தீவனம் எங்கே, எப்படி இருப்பு வைக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அது கால்நடைத் துறையின் எல்லை. கையும் களவுமாகப் பிடித்துப் படம் எடுக்கவும் எதுவும் இல்லை. ஒரு ஆட்டோவில் வந்த போலிப் பாலுக்குக் கிடைக்கும் தலைப்புச் செய்தியில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்காததில் வியப்பில்லை.

அலுவலர்களின் பக்கமும் பார்க்க வேண்டும். குட்கா தடையும் உணவுச் சட்டத்தின் கீழ் வந்ததால், பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் பொட்டலம் தேடுவதில் அவர்களுடைய நாட்கள் போகின்றன. மாம்பழச் சீசனில் பழுக்க வைக்கும் கார்பைட் கல், தீபாவளிக்கு இனிப்பு, கோயில் திருவிழாவுக்கு அன்னதானம், கோடையில் தண்ணீர் கேன் என்று காலண்டர் ஓடுகிறது. நாமக்கல்லில் 2023-இல் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்த பிறகு மாநிலம் முழுக்க ஷவர்மாக் கடைகள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை வந்ததும் அதற்கான சோதனை. ஒவ்வொரு விபத்தும் ஒரு வேலையைச் சேர்க்கிறது, எதுவும் குறைவதில்லை. முறையாக ஒரு லீகல் சாம்பிள் எடுக்கச் செலவாகும் நேரத்தில் ஐந்து கடைகளில் நுழைந்து நோட்டீஸ் கொடுத்துவிடலாம். எது மேலிடத்து அறிக்கையில் நன்றாகத் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலியில் வாங்குகிறவருக்கும் இடமுண்டு. 9444042322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். பில்லையும் பாக்கெட்டையும் எறியாமல் வைத்திருந்தால், பேட்ச் எண்ணை வைத்து அதே சரக்கை அலுவலரால் கடையில் தேட முடியும். பாதி தின்று திறந்து வைத்த பண்டம் அவருக்கு ஒரு துப்பு மட்டுமே. கடையில் இருக்கும் பிரிக்காத பாக்கெட்தான் சாம்பிள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வழி, சட்டத்தின் 40-ஆம் பிரிவு. கடையில் பொருளை வாங்கும்போதே, "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். இந்த நிபந்தனைதான் பலரைத் தயங்க வைக்கும். தெருமுனைக் கடை அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எல்லோராலும் முடியாது. சொல்லிவிட்டால், கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் யார் வேண்டுமானாலும் கொடுத்து அறிக்கை வாங்கலாம். பொருள் சரியாக இருந்தால் கட்டணம் போனது போனதுதான். குறை இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கையின் நகல் நேரே நியமன அலுவலரின் மேசைக்குப் போய், நடவடிக்கை அங்கிருந்து தொடங்கும்.